ஒன்பது மணிக்குக் காணாமல் போகும் டிஸ்க்

1

"ஏம்மா, நீ எதயாவது தொட்டியா?"

என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டார். நான் எதையும் தொடவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து இந்தக் கதையை ஆரம்பித்தேன். இதில் வருகிறவள் நான் இல்லை. அவள் பெயர் அன்பரசி.

2

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில், அடைமழை பெய்த ஒரு காலையில்—

மழை வேண்டாம். பொம்மை காயாது.

அன்பரசி வேலை பார்க்கும் பட்டறைக் கம்ப்யூட்டரில் ஆறு வருடத்துப் பொம்மை அச்சுகளின் வரைபடங்கள் இருக்கின்றன. உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதையெல்லாம் இன்னொன்றிலும் எழுதிவைக்க ஒரு மென்பொருள். ஒன்று படுத்தால் மற்றது காப்பாற்றும். ஆனால் பத்து நாளாக, காலையில் போட்டதும் ஒரு டிஸ்க்கைக் காணோம். அணைத்துப் போட்டால் வந்துவிடுகிறது. திரும்பி வந்த டிஸ்க், விட்டுப்போனதையெல்லாம் மத்தியானம் வரை மற்றதைப் பார்த்து எழுதுகிறது. அதற்குள் அந்த மற்றதும் படுத்தால், ஆறு வருடமும் போச்சு.

"சாயங்காலம் நீதான் சரியா மூட மாட்டேங்குற," என்றார் முதலாளி கலியமூர்த்தி. "திங்கக்கெழமையிலேர்ந்து பொம்மைக்குப் பிசிறு சொரண்டப் போயிடு."

அன்பரசிக்கு அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியை விட மனமில்லை.

3

பெண்ணாடத்திலிருந்து மெக்கானிக் பூபாலன் வந்தான். கேபிளை மாற்றினான். டிஸ்க்கையே மாற்றினான். (அவனைக் கொஞ்சம் அழகாக எழுதியிருந்தேன். கதைக்குத் தேவைப்படவில்லை, அடித்துவிட்டேன்.)

"எங்கிட்ட ஒழுங்காத்தான் இருக்குதுங்க," என்றான் அன்பரசியிடம். "உங்க மூஞ்சப் பாத்தாதான் ஓடிப்போவுது போல."

அவன் வருவது பதினொரு மணி பஸ்ஸில்.

4

அன்பரசி கண்டுபிடித்துவிட்டாள்.

கலியமூர்த்தி ஒன்பது மணிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மெயின் சுவிட்சை ஒரே தூக்காகத் தூக்குவார். கம்ப்யூட்டர் உட்பட எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பிக்க வேண்டும். அது அவர் ராசி. களிமண் கலக்கும் மோட்டார் இழுக்கிற இழுப்பில் லைட்டெல்லாம் மங்கும். அந்த நேரத்தில் ஒரு டிஸ்க் சுற்றி எழத் தாமதமாகிறது. மென்பொருள் காத்திருப்பதில்லை. வந்தவரை போதும் என்று கிளம்பிவிடுகிறது. (யு.பி.எஸ். இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பேட்டரி செத்து ஒரு வருடம்.)

ஆனால் இதைச் சொன்னால், அவர் ராசியைக் குறை சொன்னதாகிவிடும்.

முடிவு அ: அன்பரசி நிமிர்ந்து நின்று, "தப்பு உங்க மேலதாங்க, ஏன்னா—"

இவள் இப்படிப் பேச மாட்டாள்.

முடிவு ஆ: முதலாளி புது பேட்டரி வாங்குகிறார். (உங்களுக்குக் கலியமூர்த்தியைத் தெரியாது.)

5

சனிக்கிழமை அவள் சீக்கிரமே வந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவைத்தாள். கற்பூரம் காட்டி முடிந்தது. மெயின் ஏறியது. லைட் மங்கித் தெளிந்தது. மோட்டார் சீராக ஓடியபிறகு பிளக்கைச் செருகினாள். திரையில் இரண்டு டிஸ்க்கும் வந்தன.

திரும்பினால், கற்பூரத் தட்டோடு முதலாளி.

"என்ன, இன்னிக்கி எதுவும் ஓடிப்போவலியா?"

"ரெண்டும் இருக்குதுங்க." பிளக்கைக் காட்டினாள். "மோட்டாரு மொதல்ல ஓடட்டும்னு... அப்பறமா சொருவுனேங்க."

இதை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அவள் எங்கே உட்காருவாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தது இவ்வளவுதான்: அவர் திரையைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். மெயின் சுவிட்ச் இருக்கும் சுவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, கற்பூரத் தட்டோடு வெளியே போனார்.