இருநூற்றுத் தொண்ணூறு

லைட்ஹவுஸ் குப்பத்துச் சாலமன் எறா பிடிக்கிறவன். கிலோவுக்கு இருபது நின்றால் பெரிய எறா, சரக்கெடுக்க வரும் கம்பெனிக்காரன் பல்லைக் காட்டுவான். எண்பது நின்றால் பொடி, முகத்தைச் சுளிப்பான். எண் ஏற ஏறச் சரக்கு மட்டம். குப்பத்தில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் இது தெரியும்.

அவன் மனைவி செசிலியாவின் கவலை வேறு எண்ணைப் பற்றியது. கல்யாணமாகி ஒன்பது வருடம், வேளாங்கண்ணிக்கு நாலு நடை, மெட்ராஸ் டாக்டரம்மாவிடம் ஒன்றரை வருடம் மாத்திரையும் ஊசியும். எண்பத்தாறாம் வருடம் தை மாதத்தில் ஒருவழியாக நாள் தள்ளியது. டாக்டரம்மாவோ ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "கருவோட ஹார்மோன் நூத்தியிருபது இருக்கு. ரெண்டு நாள்ல ரெட்டிப்பாகணும். இல்லேன்னா கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டார். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். சாலமன் வெளியே வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான். "நூத்தியிருபதாம்" என்று மட்டும் அவனிடம் சொன்னாள். மீதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் முறை ரத்தம் கொடுத்துவிட்டு வந்து படுத்தவளுக்கு இருமினால் பயம், தும்மினால் பயம். மறுநாள் ரத்தச் சோதனைச் சீட்டு வாங்கச் சாலமன் போனான். சாயங்காலம் பேயறைந்தவன் மாதிரி திரும்பி வந்தான்.

"இன்னாய்யா சொன்னாங்க?"

"நீ மொதல்ல கஞ்சி குடி."

"சொல்லுய்யா!"

"இன்னொரு தபா பாத்துக்கலாம் செசிலி. ஆண்டவரு இருக்காரு."

செசிலியா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "கொறஞ்சிப்போச்சா?"

"கொறஞ்சாதான் தேவலையே! நூத்தியிருபதே பொடின்னு பயந்துனு இருந்தேன். இப்ப எரநூத்தி தொண்ணூறாம். கூனி எறா கூட இவ்ளோ பொடியா இருக்காது. ரயிலு அனுப்பம்பட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தபா அழுதுட்டேன்."

அவள் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். விரல் விட்டு இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் திரௌபதி கரண்டியோடு ஓடிவந்தாள். அதற்குள் அந்தச் சிரிப்பு அழுகையாகியிருந்தது.

"யோவ், உம் புள்ள இன்னா எறாவா? அது ஏறணும்யா! ரெட்டிப்புக்கும் மேல ஏறியிருக்கு!"

சாலமன் அப்படியே வாசல் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை கம்பெனிக்காரன் அவன் கூடையைக் கிளறிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இன்னா சாலமன், தொண்ணூறுக்கு ஏறிடுச்சே!"

"ஏறட்டும்யா," என்றான் சாலமன், வாயெல்லாம் பல்லாக. "இன்னும் நல்லா ஏறட்டும்."