நோபேட்டின் ஒறுத்தல்

ஈஸ்டருக்கு முதல்நாள், பெரிய சனி பின்னேரம் கடைக்குப் போய் வந்த நோபேட், ஹோலில் தான் படுக்கிற செட்டிக்குப் பக்கத்தில் இருந்த குறட்டை மெஷினைக் காணாமல் திகைத்தார். எட்டிப் பார்த்தால் அது உள்ளறையில், கட்டிலோரத்துச் சின்ன அலுமாரியில், குழாயும் மாஸ்க்குமாகக் குந்தியிருந்தது. கட்டிலில் புதுப் பூப்போட்ட விரிப்பு. அதன் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டிருந்த புளோறன்ஸ் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இண்டையோட தவக்காலம் முடியுது தானே. இனி உள்ளுக்கயே படுங்க. அந்தச் சத்தம் எனக்குப் பிரச்சினையில்ல."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நோபேட்டேதான், யாரை நோவது!

வேலை செய்கிற கப்பல் கம்பனியில் மேசையில் தலை சாய்த்துத் தூங்கி விழுந்ததால்தான் அவர் பொரளையில் டொக்டரிடம் போனார். குறட்டையை விசாரித்த டொக்டர், அப்படியே கட்டில் விஷயத்தையும் விசாரித்தார். ஒருவரிடமும் சொல்லாததை நோபேட் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. "நித்திரையில உங்களுக்கு மூச்சு நிண்டு நிண்டு வருது. ஒக்சிஜன் குறையுது, ஹோர்மோனும் குறையுது. அதாலயும் இது வரும். ஒவ்வொரு இரவும் மாஸ்க்கைப் போடுங்க, மாசக் கணக்கில பொறுங்க. கனபேருக்கு நல்லா வந்திருக்கு, எல்லாருக்கும் எண்டு சொல்லேலாது. அடுத்தமுறை மிஸிஸையும் கூட்டிக்கொண்டு வாங்க."

குறட்டைக்கு மெஷின் என்ற பாதியை மட்டும் நோபேட் வீட்டில் சொன்னார். மறு பாதியை எங்கே ஒளிப்பதென்று தவித்துக்கொண்டிருந்தபோது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. வருசாவருசம் சாராயத்தை விடுகிற மனிதர், இந்தமுறை அதோடு தாம்பத்தியத்தையும் ஒறுத்தலாக ஒப்புக்கொடுப்பதாகச் சொல்லி ஹோலில் படுத்துக்கொண்டார். பிரசங்கத்தில் கொட்டாவி விடுகிற புருசன் இவ்வளவு பக்தியானவனா என்று புளோறன்ஸின் கண் கலங்கிவிட்டது. அதை அவள் தங்கச்சி ரொஷேலிடம் சொல்ல, கொட்டாஞ்சேனை முழுக்கப் பரவ ஒரு கிழமை போதுமாக இருந்தது. கோயில் வாசலில் கூட்டாளி ரெனால்ட்கூட முன்னைப்போல் பகிடி விடாமல், மரியாதையாகக் கை குடுத்தான்.

மாஸ்க்கோ அவருக்குச் சரிவரவில்லை. போட்டதும் யாரோ வாயைப் பொத்திப் பிடித்தது போலிருக்கும். உள்ளறையில் புளோறன்ஸ் அயரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், பிறகு கழற்றிவிடுவார். விடியும் வரை மெஷின் குஷனுக்குக் காற்று ஊதிக்கொண்டிருக்கும்.

"ஃபாதர் கேட்டவர்," என்றாள் புளோறன்ஸ், விரிப்பை விட்டுத் தலையணைக்கு உறை மாட்டத் தொடங்கியபடி. "வாற குடும்பக் கூட்டத்தில நீங்க கொஞ்சம் கதைக்கோணுமாம். இளம் சோடியளுக்கு."

நோபேட் கட்டில் விளிம்பில் குந்தினார். இனி ஒளிய இடமில்லை.

"அது ஒறுத்தல் இல்ல, புளோறன்ஸ்."

"பின்ன?"

"எனக்கு ஏலாம இருக்கு."

அவள் உறையோடு நிமிர்ந்தாள். "என்னோட எண்டா ஏலாதோ?"

"ஐயோ, அப்பிடியில்ல!" பதறிப்போய் டொக்டர் சொன்னதையெல்லாம் தொடக்கத்திலிருந்து கொட்டினார். அவள் இடைமறிக்காமல் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு நாளும் மெஷின் போட்டும் சரிவரேல்லயா?"

"போடேல்ல. நீர் நித்திரையானாப் பிறகு கழட்டிருவன்."

புளோறன்ஸ் தலையணை உறையைக் கீழே போட்டாள். குரல் உயரவில்லை; உயர்ந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"இஞ்ச தனியப் படுத்துக்கொண்டு எனக்கு உங்கட நினைப்புத்தான். உங்கட விரதத்தைக் குழப்பப் பாக்கிறன் எண்டு போன கிழமை பாவசங்கீர்த்தனம் செஞ்சனான். ஃபாதருக்கு முன்னால முழங்காலில நிண்டு, என்ர புருசனில ஆசைப்பட்டதைப் பாவம் எண்டு சொன்னனான். தெரியுமா உங்களுக்கு?"

நோபேட்டுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவளைத் தொடக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். பெரிய வியாழனிலிருந்து ஈஸ்டர் பூசை வரை கோயில் மணி அடிப்பதில்லை. இப்போது அடித்திருந்தாலாவது அந்த அறையில் ஏதாவது சத்தம் இருந்திருக்கும்.

புளோறன்ஸ் மெஷினின் சுவிட்சைப் போட்டாள். மாஸ்க்கை அவருக்கு மாட்டப்போகிறாள் என்று நினைத்து நோபேட் முகத்தை நீட்டினார். அவள் தன் முகத்தில் வைத்து, பட்டிகளைத் தலைக்குப் பின்னால் இழுத்து இறுக்கினாள். முதல் காற்றில் அவளுடைய கண்கள் அகன்றன. நெஞ்சு தூக்கிப் போட்டது.

"கழட்டும், பழக்கமில்லாட்டி மூச்சு முட்டும்," என்று நோபேட் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். புது விரிப்பில் நேராக இருந்து, மாஸ்க்குக்கு மேலாக அவரையே பார்த்தபடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஓரத்தால் கசிந்த காற்று கண்ணில் பட்டதோ என்னவோ, கண்ணிலிருந்து நீர் இறங்கி ரப்பர் விளிம்பில் தேங்கியது. அவள் துடைக்கவும் இல்லை, அவர் ஒவ்வொரு இரவும் கழற்றிய அந்த மாஸ்க்கைக் கழற்றவும் இல்லை.