நாற்பத்தோராவது கதை

நாற்பது கதைகளைப் பதினாறே நாளில் எழுதினேன். இதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் சொல்வதற்கும் யாரும் இல்லாததால் அதில் ஒரு சங்கடமும் வந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் பதிப்பாளரம்மா. ஒற்றை அறையில் பதிப்பகம் நடத்துகிறவர். வருஷத்துக்கு நாலு புத்தகம், ஒரு சிறுகதைப் போட்டி. போட்டிக்கு நடுவர் நான். போன வருஷம் வந்தவை மூன்றே கதைகள்.

"இந்தத் தடவை நாப்பது கதையாவது வரலைன்னா நிறுத்திடலாம் சார்" என்றார்.

நிறுத்திவிட்டால் என் கைக்கு வருகிற காகிதம் மின்கட்டண ரசீது ஒன்றுதான். மனைவி போய் ஆறு வருஷம். மகள் ஞாயிறுதோறும் நாலு நிமிஷம் பேசுவாள். மூன்று நிமிஷம் என் மாத்திரை, ஒரு நிமிஷம் அவள் மாமியார்.

எனவே எழுதினேன். கர்ப்பிணியாக எழுதினேன், குஸ்திக்காரனாக எழுதினேன். இரட்டைச் சகோதரர்களாகச் சேர்ந்து ஒரு கதை எழுத உட்கார்ந்து, பாதியில் எங்களுக்குள் சண்டை வந்து, ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே அனுப்பினோம். விலாசங்களெல்லாம் வாய்க்கு வந்தவை. நாற்பது உறைகளை எச்சில் தொட்டு ஒட்டியதில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

பதிப்பாளரம்மாவின் முறை கறாரானது. கையெழுத்தை வைத்து நடுவர் ஆளைப் பிடித்துவிடக் கூடாதென்று, வருகிற கதைகளையெல்லாம் அவரே தட்டச்சு செய்வார். மேலே எண் மட்டும் இருக்கும். பெயர்களும் விலாசங்களும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். தோற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் நடுவர் தன் கையால் ஒரு வரி எழுதவேண்டும். அதை அவர் தபாலில் அனுப்புவார்.

பதிப்பகத்துக்குப் போய்க் கட்டை வாங்கினேன். எண்ணினேன். நாற்பத்தொன்று.

"எண்ணிக்கையில ஏதும் தப்பாம்மா?"

"மூணு தடவை எண்ணியாச்சு. ஏன் சார், ஒண்ணு கூடினா கசக்குதா?"

கசக்கவில்லை. கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினேன். இந்த ஊரில் எவரோ ஒருவர் எனக்கென்று உட்கார்ந்து ஒரு கதை எழுதியிருக்கிறார். அவரைக் கண்டுபிடித்தாகவேண்டும்.

முப்பத்தாறு கதைகளில் என் புளுகு பளிச்சென்று தெரிந்தது. மிச்சம் ஐந்து. அதில் நாலு நான் அவசரத்தில் எழுதியவை, எது என்னுடையதில்லை என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரு வாரம் அவற்றோடு சாப்பிட்டேன், அவற்றோடு தூங்கினேன். கடைசியில் பதினேழாம் எண்ணில் விரல் நின்றது. ஒருவன் தினமும் காலையில் அடுக்குமாடி லிஃப்டில் ஏறி, சாயங்காலம்வரை மேலும் கீழுமாகப் போய்வருகிறான், யாராவது "எந்த மாடி?" என்று கேட்பார்கள் என்பதற்காக. படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். இப்படியும் தனியாக ஒரு மனுஷன் இருப்பானா? நிச்சயமாக நான் எழுதியதில்லை. பரிசு அதற்கே.

மற்ற நாற்பதுக்கும் வரிகள் எழுதினேன். எனக்கு நானே எழுதுவதால் தாட்சண்யம் பார்க்கவில்லை.

பரிசளிப்பு நாள். அந்த ஒற்றை அறையில் எட்டு நாற்காலி, பதிப்பாளரம்மா, நான். மேசைமேல் உறைகள் குவிந்திருந்தன.

"முப்பத்தொம்பது திரும்பி வந்துடுச்சு சார். அப்படி ஒரு விலாசமே இல்லையாம்" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. "ஒண்ணு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கு. இருபத்தொம்பது."

"அப்போ பதினேழு?"

டப்பாவைத் திறந்து சீட்டை நீட்டினார். அந்த இரட்டையரில் மூத்தவன்.

எட்டு நாற்காலியும் என்னையே பார்த்தன. உலகத்தில் ஒரே ஒருவர் எழுதினார். அவரை அடித்துத் துரத்திவிட்டு எனக்கு நானே பரிசு கொடுத்திருக்கிறேன்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, கையில் நான் எழுதி அனுப்பிய ஒரு வரிச் சீட்டு.

"இதை எழுதினது யாருங்க?"

சீட்டில் இருந்தது: 'பழக்கப்பட்ட புளுகு. வேறு சொல்லவும்.'

பதிப்பாளரம்மாவுக்குத் திடீரென்று டப்பாவைத் துடைக்கவேண்டியிருந்தது.

"நான்தான்" என்றேன். "பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருத்தர், முன்பின் தெரியாத வீட்டைத் திறக்கப் போறார். அவரோட சொந்த வீட்டுச் சாவியே அதுக்குச் சேருது. அந்தக் கதைதானே?"

"கதையா? எனக்கு நடந்ததுங்க. நாலு வீட்டுக்குச் சேர்ந்திருக்கு. புளுகுன்னு எழுதிட்டீங்களே, பெரியவரே. ஒரு வாரமா தொழில்ல கையே ஓடல."

நாற்பது கதை எழுதிய எனக்கு இவ்வளவு நல்ல பொய் ஒன்றுகூட வரவில்லை. ஒருவேளை பொய்யில்லையோ என்னவோ.

"எந்தச் சாவி?"

கொத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டினார்.

"என் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். போட்டுப் பார்த்துடலாம், வாங்க" என்றேன்.

போனோம். வழியெல்லாம் அந்த நாலு வீட்டையும் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சாவியைப் போட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. அவர் முகம் தொங்கிப்போனது.

"உள்ளே தூசியா இருக்கும்" என்றேன்.

"ஆமாங்க, தூசிதான்" என்று சட்டென்று தலையாட்டி, நான் என் சாவியால் கதவைத் திறந்துவிட்டதும் வாசற்படியில் உட்கார்ந்து பூட்டைக் கழற்ற ஆரம்பித்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை. உள்ளிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டு, "ஐந்தாவது வீடு எது?" என்று கேட்டேன்.