ஐந்து கட்டங்களில் அடங்காத இருதயமேரி

1

“சார், அந்த இருதயமேரியம்மாவோட மாத்திரையில ஒண்ணை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுங்க.”

கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போகிறவள் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று பயிற்சியில் இரண்டு முறை சொன்னார்கள். கேட்டுவிட்டேன். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. இடம், விழுப்புரத்தில் ஆய்வுத் தலைவர் டாக்டர் ஜெகதீசனின் அறை. ஆய்வு, தேவையில்லாத மாத்திரையை நிறுத்த முதியவர்களுக்கு எவ்வளவு மனமிருக்கிறது என்று அளப்பது.

2

திண்டிவனத்தின் அந்தி வெயிலில் அவர் முகச்சுருக்கங்கள் ஒரு

(வேண்டாம். இருதயமேரியின் முகத்தை வைத்துக் கவிதை செய்ய மாட்டேன். வயது எழுபத்தொன்று, களை பறித்த கை, இரண்டு கவர் மாத்திரை. போதும்.)

“டாக்டர் சொன்னால் ஒரு மாத்திரையை நிறுத்தச் சம்மதமா?” என்று படித்தேன். ‘முழுச் சம்மதம்’ முதல் ‘சம்மதமே இல்லை’ வரை ஐந்து கட்டங்கள்.

“அவரு சொன்னா நிறுத்திடப் போறேன். சொல்ல மாட்டன்றாரே.”

“நீங்க கேட்டீங்களாம்மா?”

“கேட்டேன் பாப்பா. காலைல தல சுத்திக்கினு வருது, போன வாரம் மாட்டுக் கொட்டாயாண்ட வுழுந்துட்டேன்னு சொன்னேன். நீ டாக்டரா நான் டாக்டரான்னாரு.”

வெள்ளை மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ரோஸ், ஒரு கிளினிக்கில் எழுதியது. அட்டைகளைத் திருப்பினேன். இரண்டிலும் பொடி எழுத்தில் ஒரே ரத்த அழுத்த மருந்து.

“ரெண்டையுமா போடறீங்க?”

“ஒண்ண வுட்டா அந்த டாக்டரு கோச்சுக்குவாரு, இன்னொண்ண வுட்டா இவரு. ரெண்டு பேரையும் பகைச்சுக்கினு நான் எங்க போறது?”

(இந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை.)

3

ஜெகதீசன் பேனாவை மூடினார். “கலைப்பிரியா, நாம அவங்க மனப்பான்மையை அளக்கிறோம். வைத்தியம் பாக்கல. முழுச் சம்மதத்துல டிக் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போ.”

“அவங்க மறுபடி வுழுந்தா எதுல டிக் போடட்டும் சார்?”

“டிகிரி வாங்கினதும் வாய் வந்துடுச்சு. தலையிட்டா நாளையில இருந்து உனக்கு வேலை இல்ல.”

(வாய் முன்பே இருந்தது. காணையில் கரும்பு வெட்டும் எங்கள் வீட்டுக்கு டிகிரிதான் புதுசு.)

4

இந்தக் கதைக்கு வரக்கூடிய முடிவுகள்.

ஜெகதீசன் மனம் மாறிக் கையெழுத்துப் போடுகிறார். அவர் முகத்தை நேரில் பார்த்தவள் நான். எழுதினால் பொய்.

இருதயமேரி மறுபடி விழுகிறார், நான் அழுகிறேன். உங்களில் சிலர் இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள். தரமாட்டேன். ஏழைக் கிழவி விழுந்தால்தான் கதை நிற்கும் என்றால் அது படுத்தே கிடக்கட்டும்.

வேறு ஏதாவது தோன்றினால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

“அவங்கள கூட்டிக்கினு அந்த ரெண்டு டாக்டரையும் பாக்கப் போறேன் சார்.”

“யாரைக் கேட்டு?”

“மாத்திரை போடறவங்களைக் கேட்டு.”

கதவை அவரே சாத்திக்கொள்ளட்டும்.