நாத்தனார் சொன்ன மூன்று படங்கள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாக வேண்டிய விஷயமே இல்லை. ஒரு பத்திரிகைக்கு வருடா வருடம் நான் எழுதும் 'எனக்குப் பிடித்த படங்கள்' கட்டுரை. இந்த வருடத்துப் படங்கள் கட்டுரைக்குத் தாங்கவில்லை.

முதல் வரி: 'இந்த ஆண்டு திரையுலகம் நம்மைப் பெரிதும்'

(விட்டுவிட்டேன். எந்த ஆண்டுக்கும் பொருந்தும்.)

அடுத்த முதல் வரி: 'நாற்பது படம் பார்த்தேன். முப்பத்தேழில் தூங்கினேன்.'

இது இருக்கட்டும்.

2

மிச்சம் மூன்று. அவற்றையும் 'பார்த்தேன்' என்பது மரியாதைக்குச் சொல்வது. கண்ணில் புரை. எனக்குக் கதை என்றாலே யாராவது பேசுவதுதான், அதனால் காது போதும். பேச்சில்லாத இடங்களை நாத்தனார் காதோரம் சொல்வாள். ஓய்வுபெற்ற நர்ஸ்.

"அண்ணி, ஊசி போடறா."

"யாருக்கு?"

"யாருக்கோ. ஊசியைப் பிடிச்சிருக்கிற அழகைப் பாருங்க, கரண்டி மாதிரி!"

3

கட்டுரையை அனுப்பிய மறுநாள் ஆசிரியர் பேசினார்.

"மேடம், அந்த பஸ் டிரைவர் படம். கடைசி நாள் அவர் காலி பஸ்ல ஒவ்வொரு சீட்டா உட்கார்ந்து பார்க்கறார்னு உருகியிருக்கீங்க."

"ஆமா. இந்த வருஷத்துக்கே அந்த ஒரு காட்சிதான்."

"படத்துல அப்படி இல்லையே. ஸ்லோமோஷன்ல நடந்து போறாரு. அவ்வளவுதான்."

4

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் கேட்டேன். நிமிரவில்லை.

"சீட்டு சீட்டா உட்கார்ந்தான்னு சொன்னியேடி?"

"உட்காரலையா?"

"நடந்து போனானாம்."

"நடந்தான். பாட்டைப் போட்டுட்டு நடந்தான். அதைப் போய் எப்படிச் சொல்றது? 'போதும்டி, இனிமே தியேட்டரே வேணாம்'னு மூணு மாசமா புலம்பறீங்க. நீங்க நின்னுட்டா எனக்கு ஏது வெள்ளிக்கிழமை?"

"மத்த ரெண்டு?"

"ஒண்ணுல நாய் செத்துடுச்சு. பிழைக்க வச்சேன்."

"இன்னொண்ணு?"

"கடைசி அரைமணி நேரம் மொத்தமும் நான்தான். நான் தூங்கி எழுந்த நேரம் பார்த்து நீங்க 'என்னாச்சு'ன்னு கேட்டா, வேற என்ன பண்றது?"

(இந்தப் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. முப்பது வருடம் என் சமையலில் குறை கண்டவள் நாயைக் காப்பாற்றுவாளா? அடித்துவிட்டு மறுபடி எழுதிப் பார்த்தேன். அப்போதும் இதையேதான் சொல்கிறாள்.)

5

ஆசிரியருக்கு ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

முடிவு ஒன்று: மூன்றையும் நீக்குவது. பிறகு கட்டுரை ஏது? நானும் ஏது?

முடிவு இரண்டு: உண்மையை எழுதுவது. 'இந்த ஆண்டின் நல்ல படங்கள் மூன்று. மூன்றும் என் நாத்தனார் எடுத்தவை.'

அவளிடம் படித்துக் காட்டினேன்.

"ஊர் சிரிக்கவா? அச்சுல வரட்டும், அப்புறம் உங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்தா ஏன்னு கேளுங்க."

"உன் படம் நல்லாயிருக்குடி. என் பேர்ல போட்டுக்கக் கூசுது."

"கூசினா கூசட்டும். செத்தா போயிடுவீங்க?"

முடிவு மூன்று: ஒன்றும் தெரியாதவள்போல் இருந்துவிட்டு

(முடியவில்லை.)

இன்று வெள்ளி. மணி நான்கே முக்கால். கைப்பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கிளம்பறதா, துணியை மாத்தறதா? சொல்லுங்க, அண்ணி."

வாசகரே, எனக்கு அலுத்துவிட்டது. பேனாவை நீங்கள் பிடியுங்கள். யோசித்து எழுதுங்கள், ஆனால் சீக்கிரம். முட்டிவலியோடு நிற்கிறாள்.