சீசர் சோறு தின்னாத வீடு

சூசைமாணிக்கத்தின் வீட்டு நாய் சோறு தின்னவில்லை என்றால் முதுநகரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கருவாட்டு வாசனை வந்தால் தெருமுனையிலிருந்து பறந்து வருகிற பிராணி அது. பெயர் சீசர். அந்தச் சீசர்தான் மீன்குழம்புச் சோறு தட்டில் காய்ந்துகொண்டிருக்க, கூடத்தின் நடுவில் படுத்தபடி ஒருதரம் சூசைமாணிக்கத்தின் முகத்தையும் ஒருதரம் அவர் மனைவி ஞானமேரியின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது.

நாயின் குழப்பத்தைவிட அவர் குழப்பம் பெரியது. ஞானமேரி அவரிடம் ஒரு வார்த்தை பேசி எத்தனையோ நாளாகிவிட்டது. ஏன் என்றுதான் விளங்கவில்லை.

தவக்காலத்தின் முதல்நாளான சாம்பல் புதனன்று எல்லாம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. செம்மங்குப்பம் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனை நிறுத்திவிட்டு அவர் நேராகக் கோயிலுக்குப் போனார். எப்போதும்போல் வெளியே சைக்கிள்கள் பக்கத்தில் ஆம்பிளைகளோடு நின்று ஸ்பீக்கரில் பிரசங்கம் கேட்டார். ஞானமேரி உள்ளே, பெண்கள் பக்கத்தில் முன்வரிசை. சாமியார் அன்று வெளுத்து வாங்கினார். "வெளியில தேனாப் பேசுறோம், வீட்டுக்குள்ள போனா கொட்டுறோம். கறிய விடுறது பெரிசில்ல. இந்தத் தவக்காலத்துல வீட்டுக்குள்ள நாக்க அடக்கிப் பாருங்க. ஒறுத்தல் விரதம் எடுக்குறவுங்க அத வெளிய சொல்லிக்காதீங்க. சொல்லிட்டா பலன் போச்சு!"

தன்னைத்தான் சொல்கிறார் என்று சூசைமாணிக்கத்துக்குத் தோன்றியது. ஹாரனோடு போட்டி போட்டே வளர்ந்த தொண்டை அவருடையது. ஞானமேரியும் லேசுப்பட்டவள் இல்லை. தையல் மிஷினை நிறுத்தாமலே அதன் சத்தத்துக்கு மேல் பதில் கொடுப்பாள். சண்டை என்று தெரு சொல்லும். அவர்களுக்கு அதுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்தபோது ஞானமேரி நெற்றிச் சாம்பலோடு அடுப்படியில் நின்றாள். 'எங்க சுத்திட்டு வரீங்க' என்ற வழக்கமான வரவேற்பு இல்லை. டீயை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. நாக்கை அடக்கிவிட்டாள், மகராசி! கேட்டால் விரதம் கெடும். அவள் விரதத்தைக் கெடுக்கக் கூடாது என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

மூடிய பிறகுதான் வீட்டில் ஒரு புதுப் பாஷை பிறந்தது. டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம், நிமிர்த்தி வைத்தால் இன்னொரு டீ வேண்டும் என்று அர்த்தம். வேன் சாவியை ஆணியில் மாட்டினால் இனி வெளியே போகவில்லை. தலைவலியோடு வந்த நாளில் கேட்காமலே டீயில் இஞ்சி இருந்தது. இப்படியும் ஒரு குடும்பம் நடத்தலாமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சீசருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. காதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் காலடியிலிருந்து இன்னொருவர் காலடிக்கு நடையாய் நடந்தது.

தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வந்தது. சூசைமாணிக்கம் ஞானமேரிக்குப் பிடித்த நெஞ்செலும்புக் கறியாகப் பார்த்து வாங்கி வந்தார். அவள் குழம்பு வைத்தாள், பரிமாறினாள், எதிரில் உட்கார்ந்தாள். விரதம் எடுத்தவர்தானே முடிக்க வேண்டும்? அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தார். அவளும் நிமிர்ந்து அவர் வாயையே பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கறி ஆறிப்போனது.

அன்று பிடித்தது பயம். அப்படியானால் இது விரதம் இல்லை, கோபம். என்ன கோபம்? அவளுடைய தம்பி மகனின் புதுநன்மை விழாவுக்குப் போகாததா? தன் தங்கச்சி வைக்கிற குழம்பைப் புகழ்ந்ததா? யோசிக்க யோசிக்கக் குற்றங்களுக்குக் குறைவே இல்லை. மௌனம் சம்மதம் என்பார்கள். எதற்குச் சம்மதம் என்று எவனும் சொல்லித் தொலைக்கவில்லை. பேச்சை ஆரம்பிக்கலாம்தான். 'உங்ககூட இனிமே முடியாது' என்று பதில் வந்துவிட்டால்? அதற்குப் பயந்தே அவர் தினமும் டம்ளரைக் கவிழ்த்தார்.

நாய் சோற்றை விட்டது அதற்குப் பிறகுதான். சிதம்பரத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஷாலினி கேள்விப்பட்டுப் போன் செய்தாள். "அப்பா, இங்க தெரிஞ்ச மாட்டு டாக்டர் ஒருத்தர் இருக்காரு. அம்மாவையும் சீசரையும் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

மச்சான் அமலனிடம் குட்டியானை லோடு வண்டியை இரவல் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். ஞானமேரி ஒரு பையோடு வந்தாள். ஒருநாள் பயணத்துக்கான பை இல்லை அது. நல்ல புடவைகளையெல்லாம் அதில் மடித்து வைத்திருந்தாள். அவர் பையையே பார்த்தார். போகிறாள், என்னை விட்டுவிட்டுப் போகிறாள்!

சிதம்பரம் போகிறவரை நாய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து முகம் மாற்றி முகம் பார்த்தது. அவர் கியரை மாற்றும்போதெல்லாம் பேச வாயெடுப்பார். எதிரில் பஸ் வரும், விட்டுவிடுவார். பஸ் வராதபோதும் விட்டுவிட்டார்.

ஷாலினி ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாள். டாக்டர் நாயின் வாயைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காய்ச்சல் பார்த்தார்.

"உடம்புல ஒண்ணும் தெரியல. வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார்.

ஞானமேரி முந்தானையை வாயில் அழுத்தினாள். பிறகு உடைந்துவிட்டாள்.

"யாரும் சாவல டாக்டர். இந்த மனுசந்தான் எங்கூடப் பேசுறதில்ல. விரதம் எடுத்திருக்காருன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஈஸ்டரே போயிடுச்சு, இன்னும் வாயத் தொறக்கல. நான் இன்னா தப்பு பண்ணேன்? நான் வேணாம்னா சொல்லிடட்டும். எம் பொண்ணு வூட்லயே இருந்துக்குறேன்."

சூசைமாணிக்கம் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"விரதம் நானா? ஏ மேரி, நீதானடி எடுத்த?"

"நானா? அன்னிக்கு வூட்டுக்கு வந்து 'டீ எங்கடி'ன்னு கத்தாம நின்னது யாரு? அதப் பாத்துத்தான் நான் வாய மூடினேன்!"

"நீ மூடினதப் பாத்துத்தான்டி நான் மூடினேன்!"

"இப்பவும் என்மேலயே போடுங்க!"

"கத்தாதடி, ஆஸ்பத்திரி இது!"

"கத்துறது நானா?"

மேசைமேல் படுத்திருந்த சீசர் எழுந்து நின்றது. வால் ஆடியது. இருவரையும் பார்த்து ஒரு குரை குரைத்தது. டாக்டர் ஷாலினியைப் பார்த்தார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து வேணாம். கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

ஷாலினியின் வீட்டில் சீசர் தட்டில் தலையை நுழைத்து அவசர அவசரமாகத் தின்றது. சூசைமாணிக்கம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது அவருக்கு. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்.

"மேரி, ஒரு டீ! சக்கர ஜாஸ்தியா!"

டீ வந்தது. ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார்.

"இன்னாடி இது, பாயசமா? தவக்காலம் பூரா அளவாத்தான போட்ட?"

"அப்ப ஒங்க மொகத்தப் பாத்துப் போட்டேன். இப்ப நீங்க சொன்னதக் கேட்டுப் போட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனை நாளாக அழுதாளோ, ஒரே வீட்டில், இவர் பக்கத்திலேயே. இவர் பார்த்ததெல்லாம் அவள் வாயை மட்டும்தான். பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு டம்ளரை நிமிர்த்தியே வைத்தார். ஞானமேரி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

வீடு சட்டென்று அடங்கியது. தட்டிலிருந்து சீசர் தலையைத் தூக்கியது. காது இரண்டும் விறைத்தன. அவரைப் பார்த்தது, அடுப்படியைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லடா" என்று பதறினார் சூசைமாணிக்கம். "பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். நீ தின்னு."