இடது பக்கத்து நட்டு

எங்கள் சைக்கிள் கம்பெனி கார் கட்டியது பதினான்கு மாதம்தான். அத்தானுக்கு வந்த ஆசை அது. மரை கழன்ற மனுஷன் என்று ஊரே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை, முதல் ஆளாக ஓட்டக் கற்றுக்கொண்டாள். மரை வெட்டும் லேத் என் பொறுப்பு. என் வேலையில் யாராவது மூக்கை நுழைத்தால் எனக்குப் பிடிக்காது.

அன்று காலை, மூன்றாவது காரை வாங்கிய டாக்டர் நடந்தே வந்தார். கையில் இடது சக்கரத்தை நடுவில் பூட்டும் ஒற்றை நட்டு.

"தானா கழண்டு விழுந்துச்சுய்யா. நல்லவேளை, மெதுவாப் போனேன்."

நட்டைத் திருப்பி மரையைப் பார்த்தேன். எதிர் மரை, இடப்பக்கம் திருகினால் இறுகுவது. சைக்கிளில் இடது பெடலுக்கு எதிர் மரை வெட்டுவோம். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். இருபது வருஷப் பழக்கத்தில், காரின் இடது சக்கரங்களுக்கும் அதையே வெட்டியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை. கார்ச் சக்கரத்துக்கு அது தலைகீழ். ஓட ஓடக் கழலும். நாங்கள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் கம்பெனியைச் சுற்றித்தான்.

புதிதாக முடித்த ஒன்பதாவது காரில், தன் மகளை வேலையில் சேர்க்க அக்கா அப்போதுதான் கிளம்பியிருந்தாள்.

"அத்தான், அக்கா எந்த வழியாப் போனா?"

"மலை ரோடு. ஏன் மச்சான், முகம் இப்படி வெளுத்திருக்கு?"

கம்பெனியில் ஓடுகிற கார் வேறு எதுவும் இல்லை. கையில் கிடைத்த சைக்கிளில் ஏறினேன்.

சைக்கிளால் காரைப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மிதித்தேன். ஏற்றத்தில் மூச்சு அறுந்தது. பஞ்சராகி நின்றிருக்கட்டும், தண்ணீர் குடிக்க நிறுத்தியிருக்கட்டும், என்னைத் திட்டிக்கொண்டாவது நின்றிருக்கட்டும் என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தேன்.

ஏழாவது மைலில் இறக்கம். கார் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. முன்பக்க இடது சக்கரம் இல்லை. அக்கா புல்லில் உட்கார்ந்திருந்தாள். மகளின் தலை அவள் மடியில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"வண்டி ஆடுது, நிறுத்தட்டுமாடின்னு கேட்டேன் தம்பி. 'மாமா கடைஞ்ச நட்டும்மா, கழலாது. நீ போ'ன்னா."